சர்க்கரை இருக்கு, இடது தோள் இறுகிப்போச்சு. அழ அழ இழுத்துவிடுறது சரிதானா?

செம்பவாங்_செல்வி

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க சமையல் பகுதிப் பக்கம் மட்டும்தான் வருவேன். இப்போ உடம்பு விஷயமா ஒரு கேள்வி.

எனக்கு 51 வயசு. சிங்கப்பூர்ல ஒரு பாலர்பள்ளியில சமையல் வேலை. ரொம்ப வருஷமா சர்க்கரை இருக்கு, மெட்ஃபார்மின் சாப்பிடுறேன். கடைசியா பார்த்தப்போ மூணு மாசச் சர்க்கரை (HbA1c) 8.4 சதவீதம், டாக்டர் முறைச்சார்.

போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னாடி இடது தோள்ல வலி ஆரம்பிச்சுது. விழவும் இல்ல, எங்கயும் இடிச்சுக்கவும் இல்ல. முறுக்கு பிழிஞ்ச அலுப்புன்னு நினைச்சுக் கோடாலித் தைலம் தேய்ச்சுட்டுப் படுத்துடுவேன். தைப்பூசம் வந்தப்போ வலி ராத்திரிக்குக் குடிவந்துடுச்சு. இடது பக்கம் திரும்பிப் படுத்தா முழிப்பு வந்துடும். இப்போ ஜூன் லீவு வரப்போகுது, கை தோள் உயரத்துக்கு மேல ஏறவே மாட்டேங்குது. ஜன்னலுக்கு வெளிய மூங்கில் கம்பு நீட்டித் துணி காயப்போடுறது வீட்டுக்காரர் வேலையாயிடுச்சு. பின்னல் போட முடியல. உள்ளாடைக் கொக்கி மாட்டப் பொண்ணைக் கூப்பிட வேண்டியிருக்கு, வெட்கமா இருக்கு.

கீழ் மாடி மலாய்க்கார அக்கா சொல்லி ஊருட் (மலாய் மசாஜ்) போட்டுப் பார்த்தேன். அன்னிக்கு நல்லாதான் இருந்துச்சு, மறுநாள் பழையபடி. அரசாங்கப் பலதுறை மருந்தகத்துல எக்ஸ்ரே எடுத்தாங்க, எலும்பு நல்லா இருக்கு, ஃப்ரோஸன் ஷோல்டரா, அதாவது தோள் மூட்டு இறுகிப்போற நோயா, இருக்கலாம்னு சொல்லி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாங்க. அந்தத் தேதி வர நாளாகும்னு, நடுவுல ஒரு கடைத்தொகுதியில இருக்கிற பிசியோகிட்ட பேக்கேஜ் வாங்கிட்டேன். அந்தப் பையன் கையைப் பிடிச்சு மேல தள்ளுவார் பாருங்க, கண்ணுல தண்ணி வந்துடும். "அங்க ஒட்டிக்கிட்டு இருக்கு ஆன்ட்டி, பிய்ச்சாதான் விடும்"னு சொல்றார். வீட்டுக்கு வந்து அன்னிக்கும் மறுநாளும் தூக்கமே கிடையாது.

வீட்டுக்காரர் டாக்சி ஓட்டுறவர். காசு கட்டியாச்சு, பல்லைக் கடிச்சுக்கோங்கிறார். கூட வேலை செய்ற ஒருத்தங்க தோள்ல ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கச் சொல்றாங்க. இன்னொருத்தங்க சர்க்கரைக்காரங்களுக்கு அந்த ஊசி ஆகவே ஆகாதுங்கிறாங்க. அக்கா மகன் எம்ஆர்ஐ எடுங்கங்கிறான். தலை சுத்துது. வலிக்க வலிக்க இழுக்கிறது சரிதானா? ஊசி போடலாமா?

அங்மோகியோ_அங்கிள்

எனக்கும் அச்சு அசல் இதேதான் மா. சமூக மன்றத்துல பேட்மின்டன் ஆடி வந்தது. கையைப் பக்கவாட்டுல தூக்கினா பாதி வழியில சுரீர்னு குத்தும், அதைத் தாண்டி மேல கொண்டுபோயிட்டா ஒண்ணும் இருக்காது. பிசியோ ரப்பர் பட்டை கொடுத்து இழுக்கச் சொன்னாங்க. கதவுக் கைப்பிடியில கட்டி தினம் இழுத்தேன், இப்போ ஸ்மாஷ் அடிக்கிறேன். நீங்களும் பட்டை வாங்குங்க, விலை மலிவுதான். வலியைப் பார்த்துப் பயந்தா கை அப்படியே நின்னுடும்.

பழைய_மிஸ்ஸி

செல்வி, நான் ஓய்வு பெற்ற தாதி. தோளைப் பற்றிச் சொல்ல இங்கே என்னைவிட விவரமானவர்கள் உண்டு, வருவார்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன்.

இடது தோள், சர்க்கரை, ஐம்பது வயது. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்கு முதலில் நெஞ்சுதான் ஞாபகம் வரும். படியேறினால், வேகமாக நடந்தால் அந்த வலி வருகிறதா? உட்கார்ந்தால் அடங்குகிறதா? கூடவே நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குவது, குளிர்ந்த வியர்வை, தாடை வலி ஏதாவது உண்டா? அப்படி இருந்தால் இந்தத் திரியை மூடிவிட்டு ஆம்புலன்சுக்கு 995 அழையுங்கள். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால், கையை அசைக்கும்போதும் அதன்மேல் படுக்கும்போதும்தான் வலி. அது மூட்டு வலியின் குணம். இருந்தாலும் கேட்காமல் விட மனம் வரவில்லை.

தைராய்டு சோதித்து நாளாகிவிட்டதா? அடுத்த முறை இரத்தம் எடுக்கும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு கோளாறு இருப்பவர்களுக்கும் இப்படித் தோள் இறுகுவது உண்டு.

தோளும்_முட்டியும்

மிஸ்ஸி கேட்டது முதல் கேள்வி, அதுக்குப் பதில் சொல்லிட்டு மீதியைப் படிங்க அக்கா.

நான் பிசியோ. முன்னாடி பெரிய ஆஸ்பத்திரியில, இப்போ சமூக மருத்துவமனையில. முட்டிக்கு அடுத்தபடியா நான் அதிகம் பார்க்கிறது தோள்தான். உங்களைத் தொட்டுப் பார்க்காம உறுதியா எதுவும் சொல்ல முடியாது, ஆனா நீங்க எழுதின விதத்துலயே நிறைய இருக்கு.

முதல்ல அங்கிளுக்கு. உங்களுக்கு வந்ததும் அக்காவுக்கு வந்திருக்கிறதும் ஒண்ணு இல்லைங்க. பாதி வழியில குத்தி, மேல போனா விட்டுடுதுன்னு எழுதியிருக்கீங்க இல்லையா? கை சுமார் 60 டிகிரியிலிருந்து 120 டிகிரி வரைக்கும் தூக்குறப்போ மட்டும் வலிக்கிறது, தோளைச் சுத்தி இருக்கிற நாலு சின்னத் தசைகளோட தசைநார் பிரச்சனைக்கு அடையாளம். பெரும்பாலும் மேல இருக்கிற சுப்ராஸ்பைனேட்டஸ். அங்க மூட்டு இறுகலை. வலி தடுக்குது, அவ்வளவுதான். அதுக்குப் பட்டை பயிற்சி ரொம்ப நல்ல வைத்தியம், தசைநாருக்குக் கொஞ்சம் கொஞ்சமா பாரம் கொடுத்துப் பழக்கணும். ஸ்மாஷ் அடிக்கிறீங்கன்னா வேலை செஞ்சிருக்கு.

அக்காவுக்கு மூட்டைச் சுத்தி இருக்கிற உறையே வீங்கி, தடிச்சு, சுருங்கிடுச்சுன்னு நினைக்கிறேன். சாதாரணமா அந்த உறை அக்குள் பக்கம் தளதளன்னு மடிஞ்சு கிடக்கும், கையைத் தூக்குறப்போ விரியும். இப்போ அது துவைச்சுச் சுருங்கின ரவிக்கை மாதிரி. அக்குள்ல துணியே இல்லைன்னா கையைத் தூக்க முடியுமா? பட்டையை இழுத்துத் தசையைப் பலப்படுத்தினா மட்டும் துணி நீளாது.

வீட்டுலயே ஒண்ணு பாருங்க. ரெண்டு முழங்கையையும் இடுப்போட ஒட்டி, 90 டிகிரி மடக்கி, உள்ளங்கை ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்கிற மாதிரி நில்லுங்க. முழங்கை இடுப்பை விட்டு விலகாம, முன்கை ரெண்டையும் வெளிப்பக்கம் திறங்க. வலது எவ்வளவு போகுது, இடது எங்க நிக்குது? அப்புறம் நீங்க கையைத் தளர விட்டுட்டு, வீட்டுக்காரரை இடது கையை மெதுவா வெளிய திருப்பச் சொல்லுங்க. மெதுவா! அவர் திருப்பினாலும் அதே இடத்துல சுவத்துல முட்டின மாதிரி நின்னா, அது உறை. நீங்களா திருப்புறப்போ போகாம, அவர் திருப்பினா போனா, அது தசை அல்லது தசைநார். அடுத்தவங்க அசைச்சாலும் அசையலைங்கிறதுதான் இந்த நோயோட கையெழுத்து, அதுலயும் வெளிப்பக்கம் திரும்புறதுதான் முதல்ல போகும். எம்ஆர்ஐ இதைத் தாண்டிப் பெருசா எதுவும் சொல்லாது. எக்ஸ்ரே எடுத்தது சரி, ஏன்னா மூட்டுத் தேய்மானத்துலயும் மூட்டு விலகினதைக் கவனிக்காம விட்டதுலயும் இதே மாதிரி வெளிய திரும்பாது. அது ரெண்டும் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு.

இப்போ உங்க கேள்வி. வேண்டாம். இப்போதைக்கு அப்படி இழுக்க வேண்டாம்.

இந்த நோய்க்கு மூணு கட்டம் இருக்கு. முதல்ல வலி கூடிக்கிட்டே போகும், கை கொஞ்சம் கொஞ்சமா இறுகும், ராத்திரிதான் மோசம். அடுத்து வலி அடங்கும், இறுக்கம் மட்டும் நிக்கும். அப்புறம் மெதுவா விடும். எல்லாம் சேர்ந்து ஒண்ணுலேருந்து மூணு வருஷம்கூட ஆகலாம், கோடு போட்ட மாதிரி பிரியாது. உங்களுக்கு ராத்திரி வலி இன்னும் இருக்கு. அப்போ உள்ள அழற்சி இன்னும் அடங்கலை. அழற்சியில இருக்கிற உறையைப் பலமா இழுத்தா அது இன்னும் கோபப்படும், அதைத்தான் ரெண்டு ராத்திரி தூக்கமில்லாம நீங்க அனுபவிக்கிறீங்க.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்ல. நெதர்லாந்துல 77 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2004ல வந்தது. ஒரு கூட்டத்துக்கு வலியைத் தாண்டி இழுக்கிற தீவிரப் பயிற்சி. இன்னொரு கூட்டத்துக்கு நோயைப் பத்தி விளக்கம், வலிக்காத அளவுக்கு அசைவு, முடிஞ்ச வேலைகளைச் செய்யலாம்ங்கிற அனுமதி. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, மெதுவா போன கூட்டத்துல 89 சதவீதம் பேருக்குத் தோள் கிட்டத்தட்ட இயல்பா வேலை செஞ்சுது. இழுத்த கூட்டத்துல 63 சதவீதம்தான். சின்ன ஆய்வுதான், ரெண்டு கூட்டத்தையும் குலுக்கல் போட்டுப் பிரிக்கவும் இல்ல, அதனால அதை வேதமா எடுத்துக்க மாட்டேன். ஆனா தினம் என் முன்னாடி உட்கார்றவங்ககிட்ட நான் பார்க்கிறதும் அதுதான்.

"பிய்ச்சாதான் விடும்"ங்கிற பேச்சு எனக்குப் பிடிக்கலை. மயக்கம் கொடுத்துக் கையைத் திருப்பி உறையை விடுவிக்கிற சிகிச்சை ஒண்ணு இருக்கு, அது எலும்பு மருத்துவர் ஆபரேஷன் அறையில செய்றது. கடைத்தொகுதிக் கட்டில்ல முழிச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்குச் செய்ற வேலை இல்ல.

அதுக்காகப் பேக்கேஜைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த தடவை போனதும் கட்டில்ல படுக்கிறதுக்கு முன்னாடியே சொல்லுங்க: "எனக்கு ராத்திரி வலி இன்னும் இருக்கு, போன தடவைக்கு அப்புறம் ரெண்டு நாள் தூங்கலை, இப்போதைக்கு வலி குறையுற வேலையை மட்டும் பாருங்க." நல்ல பிசியோவா இருந்தா உடனே மாத்துவார். அவர் சின்னப் பையன், யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. மாத்தலைன்னா நீங்க ஆளை மாத்துங்க. இங்க பிசியோ எல்லாரும் அலைட் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சில்ல பதிஞ்சிருக்கணும், அவங்க இணையதளத்துல பேரைப் போட்டுப் பார்க்கலாம். போய்ப் பார்க்கிறதுக்கு முன்னாடி நான் எல்லாரையும் அதைப் பண்ணச் சொல்வேன்.

ஊருட் பத்தி ஒரு வார்த்தை. தோளைக் காப்பாத்தக் கழுத்துத் தசையெல்லாம் விறைச்சுப்போய் இருக்கும், அதை உருவிவிட்டா சுகமாத்தான் இருக்கும். அந்தச் சுகம் உறை வரைக்கும் போகாது, அதான் மறுநாள் பழையபடி. பிடிச்சிருந்தா போட்டுக்கோங்க, கையை முறுக்க மட்டும் விடாதீங்க.

ஊசி பத்தி வீட்டுச் சோதனை முடிவைச் சொன்னப்புறம் எழுதுறேன். இப்போ வார்டுக்குப் போகணும்.

துவாஸ்_சூப்பர்வைசர்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். பிசியோ இருக்கார்னு கேக்குறேன். கட்டுமானத் தளத்துல வேலை, காலையிலேருந்து சேஃப்டி பூட்ஸ், கான்கிரீட் தரை. காலைல கட்டில்லேருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி. நாலு எட்டு நடந்தா குறையுது, சாயங்காலம் திரும்பவும். எக்ஸ்ரேல குதிகால்ல எலும்பு முள்ளு மாதிரி வளந்திருக்குன்னு சொன்னாங்க. அதை வெட்டணுமா?

செம்பவாங்_செல்வி

மிஸ்ஸி, நெஞ்சுல ஒண்ணும் இல்ல. பத்தாவது மாடி வரைக்கும் படியேறிப் பார்த்தேன், மூச்சு வாங்குச்சு, தோள் வலிக்கலை. கேட்டதுக்கு ரொம்ப நன்றி, வீட்ல யாரும் அதை யோசிக்கவே இல்ல. தைராய்டு பார்க்கச் சொல்றேன்.

பிசியோ தம்பி, நீங்க சொன்ன மாதிரி செஞ்சு பார்த்தோம். வலது கை நல்லா வெளிய போகுது. இடது கை நேராவே நிக்குது, கொஞ்சம்தான் திரும்புச்சு. அவர் திருப்பினாலும் அதே இடம்தான். "எதுலயோ முட்டுதுடி"ன்னு பயந்துபோய்க் கையை விட்டுட்டார். பல்லைக் கடிச்சுக்கோன்னு இப்போ சொல்றதில்ல!

பிசியோகிட்டயும் நீங்க எழுதின வாக்கியத்தை அப்படியே சொன்னேன். கொஞ்சம் திகைச்சார், அப்புறம் சரி ஆன்ட்டின்னு சூடு வச்சு மெதுவா அசைச்சார். அன்னிக்கு ராத்திரி பரவாயில்ல. ஊசி பத்திச் சொல்லுங்க. வீட்ல என்ன செய்றதுன்னும்.

தோளும்_முட்டியும்

அக்கா, நல்லது. அப்போ உறைதான், டாக்டர் சொன்னது சரி.

ஊசி. ராத்திரி வலி தூக்கத்தைக் கெடுக்கிற இந்தக் கட்டத்துலதான் மூட்டுக்குள்ள போடுற ஸ்டீராய்டு ஊசி நல்லா வேலை செய்யும். வலி அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சினப்புறம் போட்டா அவ்வளவு பலன் இருக்காது. வலி குறைஞ்சா தூங்குவீங்க, தூங்கினா பயிற்சி செய்யத் தெம்பு வரும், அதுதான் கணக்கு. சர்க்கரைக்காரங்களுக்கு ஆகவே ஆகாதுங்கிறது பொய். ஆனா போட்டப்புறம் ரெண்டு மூணு நாள், சிலருக்கு ஒரு வாரம் வரைக்கும், சர்க்கரை ஏறும். 8.4 இருக்கிற உங்களுக்கு அது முக்கியம். அதனால ஆஸ்பத்திரித் தேதி அன்னிக்கு முதல் வார்த்தையே "எனக்குச் சர்க்கரை இருக்கு, கடைசி அளவு 8.4"ன்னு இருக்கட்டும். ஊசிக்கு அப்புறம் எத்தனை தடவை விரல்ல குத்திப் பார்க்கணும், எவ்வளவுக்கு மேல போனா கூப்பிடணும்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. சர்க்கரை ரொம்ப ஏறியிருந்தா கொஞ்சம் இறக்கிட்டு வாங்கன்னு சொன்னாலும் சொல்வாங்க, கோவிச்சுக்காதீங்க.

உப்புத்தண்ணியையும் ஸ்டீராய்டையும் சேர்த்து அடிச்சு உறையை உள்ளேயிருந்து விரிக்கிற முறையும் ஒண்ணு இருக்கு. அதைச் சொன்னா பயப்பட வேண்டாம். ஆபரேஷன் பேச்சு வந்தா மட்டும் இதை ஞாபகம் வச்சுக்கோங்க: 2020ல பிரிட்டன்ல 35 ஆஸ்பத்திரியில 503 பேரை வச்சு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. ஊசியோட பிசியோ, மயக்கம் கொடுத்துத் திருப்புறது, துளைபோட்டு உறையை வெட்டுறது, இந்த மூணையும் ஒப்பிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு, நோயாளிக்குச் சொல்லிக்கிற அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்ல. துளை ஆபரேஷன்ல ஆபத்து கொஞ்சம் கூட. பிசியோ கூட்டத்துல சிலருக்கு அப்புறமா வேற சிகிச்சை தேவைப்பட்டுதுங்கிறதும் உண்மை. ஆனா ஆரம்பிக்கிற இடம் ஊசியும் மெதுவான பயிற்சியும்தான்னு நான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு மூணு போதும். யூடியூப்ல இருபது பார்த்து எல்லாத்தையும் செய்யாதீங்க.

வெந்நீர்ல குளிச்சு முடிச்ச உடனே செய்ங்க. மேசையில வலது கையை ஊன்றிக் குனிஞ்சு, இடது கையைத் தொங்க விடுங்க. உடம்பை ஆட்டினா கை தானா ஊசலாடணும், கையால ஆட்டக் கூடாது. பாஸ்டன் அறுவை மருத்துவர் காட்மன் 1934லயே எழுதிவச்ச பயிற்சி இது. இந்த நோய்க்கு ஃப்ரோஸன் ஷோல்டர்னு பேர் வச்சதும் அவர்தான், அதை விளக்குறதும் கஷ்டம் தீர்க்கிறதும் கஷ்டம்னு ஒத்துக்கிட்டதும் அவர்தான். அடுத்து, சாப்பாட்டு மேசை முன்னாடி உட்கார்ந்து, உள்ளங்கைக்குக் கீழ ஒரு துண்டை வச்சு, முன்னாடி தள்ளிக்கிட்டே உடம்பைச் சாய்ங்க. இழுக்கிற மாதிரி தெரிஞ்ச இடத்துல நிறுத்தி, கொஞ்சம் இருந்துட்டுத் திரும்புங்க. மூணாவது, மல்லாக்கப் படுத்து, முழங்கைக்குக் கீழ மடிச்ச துண்டு வச்சு, ரெண்டு கையாலயும் ஒரு விளக்குமாத்துக் கம்பைப் பிடிச்சுக்கோங்க. வலது கை தள்ளத் தள்ள இடது முன்கை வெளிய திரும்பணும். போகாத பக்கம் அதுதானே, அதனால இதை மட்டும் விட்றாதீங்க.

ஒரே மூச்சுல அரை மணி நேரம் செய்றதைவிட, அஞ்சு அஞ்சு நிமிஷமா நாலஞ்சு தடவை நல்லது. பாலர்பள்ளியில பிள்ளைங்க தூங்குற நேரத்துல ஒண்ணு முடிச்சுடலாம். வலிக்கு அளவு என்னன்னா, செய்றப்போ இழுக்கலாம், கொஞ்சம் நோகலாம். அந்த நோவு அரை மணி நேரத்துல அடங்கிடணும், அன்னிக்கு ராத்திரி நேத்தைவிட மோசமாகக் கூடாது. மோசமானா அளவு கூடிப்போச்சு, நிறுத்த வேண்டாம், பாதியாக்குங்க. முதுகுக்குப் பின்னாடி துண்டைப் பிடிச்சு இழுக்கிற பயிற்சி ஒண்ணு ஊர் முழுக்கச் சுத்துது, அது இப்போ வேண்டாம். ராத்திரி வலி போனப்புறம்.

படுக்கிறப்போ மல்லாக்கப் படுத்தா இடது முழங்கைக்குக் கீழ ஒரு தலையணை. வலது பக்கம் படுத்தா முன்னாடி ஒரு தலையணையைக் கட்டிப்பிடிச்சு அதுமேல இடது கை. சட்டை போடுறப்போ முதல்ல இடது கை, கழட்டுறப்போ கடைசியா இடது கை. உள்ளாடைக் கொக்கியை முன்னாடி மாட்டிட்டுப் பின்னாடி திருப்பிக்கோங்க, இல்ல முன்கொக்கி வச்சது வாங்கிக்கோங்க, தேக்காவுல (லிட்டில் இந்தியா) கிடைக்குது. பெரிய சோத்துப் பானையை ஒரு ஆளா இறக்காதீங்க, மேடம்கிட்ட சொல்லுங்க. ஆனா கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டு ஓய்வு கொடுக்கிறேன்னு ஆரம்பிக்காதீங்க. இடுப்பு உயர வேலை, காய் நறுக்குறது, பாத்திரம் கழுவுறது எல்லாம் செய்யலாம், செய்யணும்.

காசு விஷயம். தனியார் பிசியோகிட்ட கடிதம் இல்லாமலே போகலாம், ஆனா முழுக் காசு. பலதுறை மருந்தகம் எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனா மானியம் உண்டு, அதனால அந்தத் தேதியைத் தவற விடாதீங்க. சில பலதுறை மருந்தகங்கள்லயே பிசியோ இருக்காங்க, அங்க அனுப்ப முடியுமான்னு கேளுங்க, பேக்கேஜ் முடியுறப்போ உதவும்.

சர்க்கரைக்காரங்களுக்கு இது மத்தவங்களைவிட அதிகமா வரும், விடுறதுக்கும் நாளாகும். ரெண்டு வாரத்துல சரியாயிடும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. ஆமா, விரலை மடக்கினா சிக்கிக்கிட்டு டக்னு விடுறது, காலையில விரல் விறைப்பு, அப்படி ஏதாவது இருக்கா? சர்க்கரைக்காரங்களுக்கு அதுவும் சேர்ந்தே வர்றதுண்டு. இருந்தா அதே டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

துவாஸ் அண்ணே, உங்களுக்குத் தனித் திரி போட்டிருக்கலாம், பரவாயில்ல. வெட்ட வேண்டாம். அந்த முள்ளு வலியே இல்லாத நிறைய பேர் காலிலயும் இருக்கு. முதல் அடியில குத்தி, நடந்தா குறையுறது உள்ளங்கால் சவ்வோட வலி. கட்டில்லேருந்து இறங்குறதுக்கு முன்னாடியே காலை மடக்கி, கால் விரல்களைக் கையால பின்னுக்கு இழுத்துப் பத்து எண்ணுற வரைக்கும் பிடிங்க, பத்து தடவை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், படிக்கட்டு விளிம்புல நின்னு, விரல்களுக்குக் கீழ சுருட்டின துண்டு வச்சு, குதிகாலை மெதுவா ஏத்தி இறக்குங்க. முதல்ல ரெண்டு கால்ல, பழகினப்புறம் ஒத்தைக் கால்ல. அப்புறம் நம்மாளுங்க எல்லாரும் செய்றது ஒண்ணு: நாள் முழுக்க பூட்ஸ், வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழட்டிட்டு வெறும் டைல்ஸ்ல நடக்கிறது. வீட்டுக்குள்ள போட மெத்துன்னு ஒரு செருப்பு வாங்குங்க. பூட்ஸ் உள்பட்டை தேஞ்சிருந்தா மாத்துங்க. பெரும்பாலானவங்களுக்கு ஒரு வருஷத்துக்குள்ள போயிடும், அவசரப்படாதீங்க. ராத்திரி ஓய்வா இருக்கிறப்போவும் வலிச்சாலோ, பாதம் மரத்துப்போனாலோ டாக்டரைப் பாருங்க.

அங்மோகியோ_அங்கிள்

நான் சொன்ன பட்டையை வாங்கிடாதீங்க மா. வாங்கியிருந்தா எனக்குக் கொடுத்துடுங்க, நம்மளது அறுந்துடுச்சு.

பிசியோ, ஒரு சந்தேகம். எங்க மன்றத்துல 70 வயசுக்காரர் ஒருத்தர் போன வாரம் கோர்ட்ல வழுக்கி விழுந்தார். அன்னிலேருந்து வலது கையைத் தூக்கவே முடியல, நாங்க தூக்கிவிட்டா போகுது, விட்டா தொப்புன்னு விழுது. அவரும் தைலம் தேய்ச்சுட்டு உட்கார்ந்திருக்கார்.

தோளும்_முட்டியும்

அவரைத் தைலத்தை மூடி வச்சுட்டு நாளைக்கே டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. விழுந்த உடனே பலம் போச்சு, அடுத்தவங்க தூக்கினா போகுதுன்னா தசைநார் கிழிஞ்சிருக்கலாம், எலும்பு விரிசலும் இருக்கலாம். கிழிசலைத் தைக்கணும்னு முடிவானா சீக்கிரம் பார்க்கிறது நல்லது, மாசக்கணக்குல விட்டா தசை சுருங்கிடும். தோள் வலியில காத்திருக்கலாம்னு நான் சொல்லாத வகை இதுதான். தொட்டா சூடு, காய்ச்சல், முன்னாடி புற்றுநோய் வந்தவங்க, காரணமில்லாம எடை குறையுறவங்க, கை விரல் வரைக்கும் மரத்துப்போறவங்க, இவங்களும் உடனே காட்டணும்.

செம்பவாங்_செல்வி

அங்கிள், பட்டை இன்னும் வாங்கலை, தப்பிச்சேன்.

தம்பி, எல்லாத்தையும் தாள்ல எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில ஒட்டியாச்சு. வலது கை மோதிர விரல் காலையில சிக்குது, நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு தெரியல, அதையும் காட்டுறேன். கடைசியா ஒண்ணே ஒண்ணு. இது விட்டுப்போனப்புறம் திரும்பி வருமா? வலது தோளுக்கும் வந்துட்டா நான் சமைக்கிறது எப்படி?

தோளும்_முட்டியும்

அதே தோள்ல ரெண்டாவது தடவை வர்றது அபூர்வம் அக்கா. மறு தோளுக்குச் சிலருக்குச் சில வருஷம் கழிச்சு வரும், சர்க்கரை இருக்கிறவங்களுக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான். தடுக்க இந்தப் பயிற்சியைச் செய்ங்கன்னு உறுதியா சொல்ல எதுவும் இல்ல, அந்த 8.4 இறங்கினா எல்லாத்துக்கும் நல்லது. வலது தோள்ல ராத்திரி வலி ஆரம்பிச்சா தீபாவளி, தைப்பூசம்னு காத்திருக்காம முதல் மாசத்துலயே போங்க, ஊசி அப்போதான் நல்லா பிடிக்கும். மோதிர விரலுக்கு ராத்திரி மட்டும் போட ஒரு சின்னப் பட்டி இருக்கு, ஆஸ்பத்திரியில கை சிகிச்சைப் பகுதியில அளவெடுத்துச் செஞ்சு கொடுப்பாங்க, கேட்டுப் பாருங்க.